துண்டு போட்ட இடம்

நான் ஒரு சந்தேகப் பிராணி. கேஸ் சிலிண்டர் வந்தால் தராசில் தொங்கவிட்டுப் பார்க்காமல் வீட்டுக்குள் எடுக்க மாட்டேன். பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று வண்டியை விட்டு இறங்கிப் பார்ப்பேன். பூட்டிய கதவை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் ஆட்டிப் பார்ப்பேன். "போலீஸ் வேலைக்குப் போக வேண்டியவ, கம்ப்யூட்டர்கிட்ட வந்து மாட்டிக்கினா" என்பார் என் கணவர். சிரித்துக்கொள்வேன். இந்தக் குணம்தான் எனக்குச் சோறு போடுகிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வீடு வேலூரில். காலையில் காட்பாடியில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஆம்பூர். அந்த ரயிலில் இடம் பிடிப்பதே தனிக் கலை. பெட்டி நின்று முடிவதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு விழும், கைக்குட்டை விழும், ஒருநாள் ஒரு டிபன் பையே விழுந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் சீட் காலி, ஆனால் உட்கார முடியாது. துண்டுக்காரர் எங்கே என்று கேட்டால், "வர்றாங்க, வர்றாங்க" என்று பதில் வரும். சில நாள் துண்டுக்காரர் இறங்கிப் போயே இருப்பார், துண்டு மட்டும் உட்கார்ந்து வரும். கூச்சப்பட்டு யாரும் அதை எடுக்க மாட்டார்கள்.

டேட்டாபேஸும் இதே ஜாதிதான். தேவைக்கு முன்பே டிஸ்க்கில் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த இடம் எவ்வளவு என்பது ஒரு அளவு. அதில் உண்மையாகத் தகவல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு என்பது இன்னொரு அளவு. ஒரு தகவலை அழித்தால் அது உடனே எழுந்து போய்விடாது. 'இது இனி இல்லை' என்று ஒரு அடையாளம் மட்டும் விழும், இடம் அப்படியே பிடிபட்டிருக்கும். பிறகு துப்புரவு வேலை என்று ஒன்று தானாக ஓடி வந்து, ஆள் இல்லாத துண்டுகளையெல்லாம் பொறுக்கி, அடுத்து வருகிறவருக்கு இடம் விடும். வெளியிலிருந்து டிஸ்க்கைப் பார்க்கிறவருக்கு இது எதுவும் தெரியாது. அவருக்கு வண்டி நிரம்பி வழிகிறது, அவ்வளவுதான்.

எங்கள் கம்பெனிக்கு, ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒருவரின் ஆடிட் வருவதற்குப் பத்து நாள் முன்னால், சர்வர் டிஸ்க் நிரம்பப் போகிறது என்று என் திரையில் சிவப்பு விழுந்தது. எந்த அட்டவணை இவ்வளவு தின்கிறது என்று தேடினேன். தோல் அட்டவணை. கம்பெனிக்குள் வரும் ஒவ்வொரு தோலுக்கும் அதில் ஒரு வரி உண்டு. தோல் பதனிடுகிற எந்த டேனரியிலிருந்து வந்தது, எத்தனை சதுர அடி, எத்தனையாம் நம்பர் தரம், கழித்தது என்றால் எதற்காகக் கழித்தது என்று எல்லாம் அந்த வரியில் இருக்கும். அந்த அட்டவணை பிடித்திருந்த இடத்தையும், அதில் உயிரோடு இருக்கும் வரிகளுக்கு வேண்டிய இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பத்துப் பெட்டி ரயிலில் இரண்டு பெட்டிக்குத்தான் ஆள். மற்ற எட்டிலும் துண்டு.

துப்புரவு தினமும் ஓடுகிறது, அப்படியும் இவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்றால், யாரோ சமீபத்தில் உட்கார்ந்து மொத்தமாக அழித்திருக்கிறார்கள். அதுவும் ஆடிட்டுக்கு முன்னால். அந்த பையர் முதலில் கேட்பதே கழித்த தோல்களின் விவரத்தைத்தான். ஒரு வரி காணவில்லை என்றாலும், கழித்த தோலை நல்ல ஷூவில் சேர்த்துவிட்டோம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஆர்டர் போனால் ஒரு தையல் லைனே நிற்கும்.

யார் அழித்தது என்று பதிவில் பார்த்தேன். ஒவ்வொரு அழிப்புக்கும் பக்கத்தில் ஒரே லாகின். அசார்ட்டிங் பிரிவு. அதாவது தோலைத் தரம் பிரிக்கிற இடம். அந்த லாகினை வைத்திருந்தது ஒரே ஆள், அங்கே சூப்பர்வைசராக இருந்த பாய்.

அவர் வாணியம்பாடிக்காரர். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்துக்கு ஒன்றிரண்டு கூட. எனக்கு முன்பே கம்பெனியில் சேர்ந்தவர். ஜாஸ்தி பேச மாட்டார். எதிரே வந்தால் "நல்லாருக்கீங்களா மேடம்" என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார், நிற்க மாட்டார். இதுவரை அது எனக்கு மரியாதையாகத் தெரிந்தது. அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தபோது அவருடைய ஒவ்வொரு பழக்கமும் வரிசையாக வந்து கை கட்டி நின்றது. அசார்ட்டிங் ஹாலில் அவருடைய திரை மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் அவர் கம்ப்யூட்டரில் உட்காருவார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார், யாராவது பக்கத்தில் வந்தால் மூடிவிடுவார். அந்த நோட்டு உருதுவில் இருக்கும். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து என்பதாலேயே அது எனக்குக் களவாகத் தெரிந்தது. ஆம்பூருக்குத் தினமும் வந்து போகிறவள், கடைத்தெருவில் பாதிப் பேச்சு உருதுவில் கேட்கிறவள், அப்படி நினைத்தேன்.

மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், தோல் ரெக்கார்டுல நெறைய அழிச்சிருக்காங்க."

"அழிச்சிருக்காங்கன்னா? யாரு?"

"அசார்ட்டிங் லாகின்ல இருந்து சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பாயா?"

அந்த இடத்தில் 'தெரியலை சார், பார்த்துட்டுச் சொல்றேன்' என்று ஒரு வாய் வார்த்தை சொல்லியிருக்கலாம். "அந்த லாகின் அவர்து மட்டும்தான் சார்" என்றேன். சொல்லும்போது என் குரலில் ஒரு நிதானம் இருந்தது. கண்டுபிடித்துவிட்டவளின் நிதானம்.

அவரைக் கூப்பிட்டு என்ன கேட்டார்கள் என்று நான் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தபோது, டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு பாய் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். செக்யூரிட்டி அவருடைய பையைத் திறந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவருடைய பையை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. ஆடிட் முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், சனிக்கிழமை வந்து ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டால் வேறு நடவடிக்கை இருக்காது என்றும் சொல்லியிருக்கிறார்கள் என்று மேனேஜரே மாலையில் சொன்னார். அன்று திங்கட்கிழமை.

"எத்தனை தோல், எந்தெந்த லாட்டுன்னு லிஸ்ட் ஒண்ணு குடுங்க. அவர் முன்னால வைக்கணும்" என்றார்.

லிஸ்ட் எடுப்பது சுலபம் என்று நினைத்தேன். பழைய பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் விரித்து, அதில் இருந்து இப்போது இல்லாத வரிகளைத் தேடினால் போதும். செவ்வாய்க்கிழமை தேடினேன். ஒரு வரிகூடக் குறையவில்லை. என் கேள்வியில்தான் தப்பு என்று நினைத்து மாற்றி எழுதினேன். அப்போதும் குறையவில்லை. மூன்று மாதப் பேக்கப், ஆறு மாதப் பேக்கப் எல்லாம் விரித்துப் பார்த்தேன். கழித்த தோல்கள் உட்பட எல்லாத் தோலும் இருந்தது. தரம் மாற்றப்பட்ட தோல்கள் சில இருந்தன, அதிலும் ஒளிவு மறைவு இல்லை. மூன்றாம் நம்பர் நான்காம் நம்பராக இறங்கியிருந்ததே தவிர, ஒன்றுகூட மேலே ஏறவில்லை.

நியாயமாக அப்போது என் மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. எவ்வளவு கெட்டிக்காரன் பார், தடயமே இல்லாமல் செய்திருக்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது. சந்தேகம் ஒரு ஆளின் மேல் உட்கார்ந்துவிட்டால், அவருக்குச் சாதகமான சாட்சியும் அவருக்கு எதிராகத்தான் பேசும். என் வீட்டுக் கதவு பூட்டியிருப்பதே எனக்கு ஒரு சந்தேகம்தானே.

புதன்கிழமை மறுபடியும் பதிவைத் திறந்தேன். இந்த முறை அழித்ததை மட்டும் பார்க்காமல் அதற்கு அடுத்த வரியையும் பார்த்தேன். ஒன்றாக வந்து இறங்கிய ஒரு லாட்டில் நானூறு தோல் அழிந்திருந்தது. மூன்று நிமிஷம் கழித்து அதே லாட்டில் நானூறு தோல் சேர்ந்திருந்தது. இன்னொரு லாட், முந்நூற்று இருபது அழிந்து, முந்நூற்று இருபது சேர்ந்திருந்தது. மாதக்கணக்காக, ஒரே லாட் நான்கு தடவை, ஐந்து தடவை, சில லாட் பத்துத் தடவைகூட. நானூறில் ஒரே ஒரு தோலின் தரம்தான் ஒவ்வொரு தடவையும் மாறியிருந்தது. ஒரு வரியைத் திருத்துவதற்குத் திரையிலேயே ஒரு பட்டன் இருக்கிறது. அதை அவர் ஒருமுறைகூட அழுத்தவில்லை.

அசார்ட்டிங் ஹாலுக்கு இறங்கிப் போனேன். வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல், அந்த வெளிச்சத்தில்தான் தோல் பார்ப்பார்கள். பாயோடு பல வருஷமாக மேஜையருகே நின்று தோல் பார்க்கும் அம்மா ஒருவர் தனியாக ஒரு அடுக்கை இறக்கிக்கொண்டிருந்தார். இடுப்பு உயர அடுக்கு. எல்லாத் தோலையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, மேஜையில் விரித்துப் பார்த்து, பக்கத்தில் புதிதாக அடுக்கினார்.

"எதுக்கும்மா மொத்தத்தையும் இறக்கறீங்க?"

"நடுவுல ஒண்ணு நம்பர் மாறுது மேடம்."

"அந்த ஒண்ண மட்டும் உருவிட்டா ஆவாதா?"

நான் ஏதோ அபசகுனமாகப் பேசிவிட்டது போலப் பார்த்தார். "நடுவுல இருந்து உருவக் கூடாது மேடம். உருவுனா மேல இருக்கறதும் கீழ இருக்கறதும் கீறிக்கும். ஒண்ணு கெட்டா முழு அடுக்கையும் இறக்கி முதல்ல இருந்து வைக்கணும். பாய் அதுல ரொம்ப கறார். கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான் பண்ணுவாரு."

"கம்ப்யூட்டர்லயா?"

"ஆமா. லாட்ட மொத்தமா எடுத்துட்டு, நோட்டப் பாத்து சரி பண்ணி, திரும்ப ஏத்துவாரு. எல்லாரும் சாப்புட போனப்புறம்தான். அப்போதான யாரும் தோல் கேட்டு வர மாட்டாங்க."

அவருடைய திரை ஏன் சுவரைப் பார்க்கிறது என்று கேட்டேன். "ஸ்க்ரீன் வெளிச்சம் தோல் மேல பட்டா கண்ணு ஏமாந்துடும் மேடம். கலர் தப்பாத் தெரியும்" என்றார். கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் அந்த அம்மாவிடம் ஒற்றை வரியில் பதில் இருந்தது. நோட்டைப் பற்றி மட்டும் நான் கேட்கவில்லை.

மாடிப்படி ஏறும்போதே இன்னொரு கேள்வி கூட ஏறியது. சரி, அவர் அழித்து அழித்து ஏற்றினார். ஆனால் அழித்த இடத்தையெல்லாம் துப்புரவு வேலை தினமும் வந்து பொறுக்கியிருக்க வேண்டுமே. அப்படிப் பொறுக்கியிருந்தால் அடுத்த நானூறும் அதே இடத்தில்தானே உட்கார்ந்திருக்கும், எட்டுப் பெட்டி ஏன் சேர்ந்தது? அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். எல்லா அட்டவணைக்கும் துப்புரவு ஓடிக்கொண்டிருந்தது. தோல் அட்டவணைக்கு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. யார் நிறுத்தியது என்று பக்கத்தில் எழுதியிருந்தது. என் பெயர். பத்து மாதத்துக்கு முந்தைய ஒரு தேதி. அதற்குக் கீழே நானே எழுதிய குறிப்பு: தற்காலிகமாக.

நினைவு வந்துவிட்டது. கன்டெய்னர் ஏற்றும் நாள் அது. பேக்கிங் லிஸ்ட் வராமல் இழுத்துக்கொண்டிருந்தது, துப்புரவு வேறு அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கீழே லாரி நிற்கிறது, போன் மேல் போன். ஒரு வரி எழுதி நிறுத்தினேன். லிஸ்ட் வந்தது. மாலையில் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன். கதவை இரண்டு தடவை ஆட்டிப் பார்க்கிறவள், இதைப் பத்து மாதமாக ஒரு தடவைகூட ஆட்டிப் பார்க்கவில்லை.

மேனேஜரிடம் போனேன். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"சார், ரெக்கார்டு எதுவும் போகல. எல்லாம் இருக்குது. பாய் லாட்ட எடுத்துட்டு திரும்ப ஏத்தறாரு, அவங்க தோல் அடுக்கற மாதிரி. அதான் அழிச்ச மாதிரி தெரிஞ்சிது."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் நிம்மதி தெரிந்தது. "நல்லவேளை. அப்போ அந்த இடம்? டிஸ்க்கு?"

"அதை நான் சரி பண்ணிடறேன் சார்."

அவ்வளவுதான் சொன்னேன். பொய் எதுவும் இல்லை. துண்டு போட்டுவிட்டு ஆளை மட்டும் காட்டாமல் வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்து, அந்த அட்டவணையை முழுக்கப் பூட்டி வைத்து, மொத்தமாக இறக்கி நெருக்கி அடுக்கினேன். அன்றைக்கு நான் செய்ததும் பாய் செய்கிற வேலைதான். எட்டுப் பெட்டியும் கழன்று டிஸ்க்குக்குத் திரும்பியது. துப்புரவை ஓடவிட்டேன். அந்த 'தற்காலிகமாக' என்ற குறிப்பை அழித்தேன்.

திங்கட்கிழமை பாய் வேலைக்கு வந்தார். நேராக எங்கள் அறைக்கு ஏறி வந்தார். கையில் வாணியம்பாடிக் கடை ஒன்றின் அட்டைப்பெட்டி, உள்ளே மக்கன் பேடா. என் மேஜையில் வைத்து, எல்லார் முன்னாலும் சொன்னார்: "மேடம்தான் என் வேலைய காப்பாத்தினாங்க. இன்னா ஏதுன்னு பாத்து சொன்னாங்களாம், சார் சொன்னாரு. இல்லன்னா இந்நேரம் நான் வெளிய."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன். பாகு உதட்டில் ஒட்டியது. "நல்லாருக்குது பாய்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், தோலைப் பார்ப்பது மாதிரி. நன்றியில் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடிட் வந்தது, கழித்த தோல்களைக் கேட்டது, வரிசையாகப் பார்த்துவிட்டுப் போனது. எல்லாரும் மூச்சு விட்டார்கள். என்னால் முடியவில்லை. ராத்திரி சாப்பாட்டில் உப்பு தெரியவில்லை, ரயிலில் யாராவது துண்டை விரித்தால்கூட எரிச்சல் வந்தது. ஒரு வாரம் தாங்கினேன். அடுத்த திங்கட்கிழமை மாலை ஆம்பூர் ஸ்டேஷனில் பாய் எதிர்ப் பக்கத்து பிளாட்பாரத்தில் நிற்பதைப் பார்த்தேன். அவர் வண்டி மேற்கே, என் வண்டி கிழக்கே. என் வண்டி வருவதாக அறிவிப்பு வந்துகொண்டிருக்கும்போதே பாலம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினேன்.

"பாய், ஒரு விஷயம். உங்க பேர சொன்னதே நான்தான்."

"தெரியும் மேடம்." குரலில் எந்த மாற்றமும் இல்லை. "மொத நாளே சார் சொல்லிட்டாரு, மேடம் கண்டுபிடிச்சாங்கன்னு."

"அப்புறம் ஏன் பேடா..."

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். ஒரு வாரம் எடுத்துக்கினீங்க."

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என் வண்டி வந்து நின்றது. ஜன்னல் வழியாகத் துண்டுகள் விழுந்தன. மீதியையும் சொன்னேன். துப்புரவு, கன்டெய்னர் நாள், பத்து மாதம், குறிப்பு, அந்தக் குறிப்பை அழித்தது வரை. அவருக்கு இது தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நீங்க அத நிறுத்தலன்னா, நான் எப்படி ஏத்தி எறக்கினாலும் இடம் ஜாஸ்தி ஆயிருக்காது. அப்படித்தான?"

"ஆமா பாய்."

"சார்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்: "என் பேர சொல்றதுக்கு எவ்ளோ நேரம் யோசிச்சீங்க மேடம்?"

பதில் இருந்தது. எதிரே என் வண்டி கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய வண்டி வந்தது. "வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு ஒரு மெமோ வந்தது. தோல் அட்டவணையின் அளவை வாரம் ஒருமுறை எடுத்து, அசார்ட்டிங் சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியவர் பாய்தான்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் மாடி ஏறி வருகிறார். "நல்லாருக்கீங்களா மேடம்" என்கிறார், உட்கார மாட்டார். நான் திரையை அவர் பக்கம் திருப்புகிறேன். பிடித்த இடம், நிரம்பிய இடம், காலி இடம். மூன்றையும் பார்த்து, சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்து, உருதுவில் எழுதிக்கொள்கிறார். சில வாரம் மூன்று எண்ணுக்கு மேலும் ஏதோ எழுதுகிறார், ஒரு முழு வரி. என்ன எழுதுகிறார் என்று நான் கேட்பதில்லை. கேட்கிற உரிமையை அந்த பேடாவோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டேன்.